மருந்தடிக்காத பந்தல்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளத்துக்குப் பேருந்தில் வருகிறவர்களுக்குத் தாம் கேரளத்துக்குள்தான் பயணம் செய்கிறோம் என்பது எளிதில் விளங்காது. கேரளத்தில் கரிசல் மண் என்று சொல்லத்தக்கது எங்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில்தான் கிடக்கிறது. சாலையின் இருபுறமும் பனைகளும், நிலக்கடலைக் காடுகளும், கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்த காய்கறிப் பந்தல்களுமாக இருக்கும். மாநிலத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். மழை மறைவில் இருக்கும் எங்கள் ஊர்களுக்கு அதில் பாதிகூட வந்து சேர்வதில்லை. ஆழியாற்றிலிருந்து திறந்துவிடும் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பித்தான் வெள்ளாமை நடக்கிறது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும் என்று வாழும் எங்கள் விவசாயிகளுக்கு இரு பக்கத்திலிருந்தும் சாகுபடிப் பரிந்துரைகள் வருகின்றன. மேற்கிலிருந்து வருபவை மழை மிகுந்த நாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கிழக்கிலிருந்து வருபவை மண்ணுக்குப் பொருந்தினாலும் எங்கள் மாநிலத்தின் சட்டத்துக்கும் மானியத்துக்கும் பொருந்துவதில்லை. ஆகவே, எங்கள் ஊரில் ஓரளவு நன்றாக வெள்ளாமை செய்கிற எவரும் தாமாகவே எதையாவது மாற்றிச் செய்து பார்த்தவராகத்தான் இருப்பார்.

அப்படிச் செய்து பார்ப்பவருக்கு வெளியிலிருந்து என்ன உதவி தேவை என்பதைப் பற்றி எழுத நினைக்கிறேன். எங்கள் விவசாயிகள் குழுவின் குறிப்பேட்டை எழுதும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அதன் பக்கங்களைப் புரட்டும்போது, உழவர் கண்டுபிடிப்புகளை ஆதரிக்க வரும் திட்டங்கள் பெரும்பாலும் கணக்கில் எடுக்காத ஒரு செலவு என் கண்ணில் திரும்பத் திரும்பப் படுகிறது. தோற்றுப்போகும் சோதனைக்கு ஆகும் செலவு அது. அதிலும், பிறருடைய சோதனையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தன் பயிரை ஒன்றும் செய்யாமல் விட்டுவைப்பவர் ஏற்கும் செலவு. ஒரு பருவத்துப் பாகற்காய்ப் பந்தல்களில் நடந்ததைச் சொன்னால் நான் கூற வருவது விளங்கும்.

பந்தல் காய்கறி வைப்பவர்களுக்குப் பழ ஈயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செம்பழுப்பு உடலும் முதுகில் மஞ்சள் கோடுகளும் கொண்ட அந்த ஈ, விரல் நீளப் பிஞ்சில் ஊசிபோன்ற பின்முனையைக் குத்தி முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஓரிரு நாளில் உள்ளே புழு வந்துவிடும். குத்திய இடத்தில் ஒரு துளிப் பிசின் கசிந்து உறைந்திருப்பதைத் தவிர வெளியே வேறு அடையாளம் தெரியாது. காய் கோணிக்கொண்டு, பருவத்துக்கு முன்பே மஞ்சளாகி விழும்போது புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். ஒன்று காய்க்குள்ளும் மற்றொன்று மண்ணுக்குள்ளும் இருப்பதால், மேலே தெளிக்கும் மருந்து இரண்டையும் தொடுவதில்லை. ஆனாலும் மருந்தடிக்காமல் இருக்க யாருக்கும் துணிவு வருவதில்லை; சந்தையில் பெட்டியைக் கவிழ்க்கும்போது நான்கு காய் சொத்தையாக உருண்டால் மொத்தப் பெட்டிக்கும் விலை இறங்கிவிடும்.

கேரளத்தில் இதற்கு நெடுங்காலமாக ஒரு முறை இருந்தது. தேங்காய்ச் சிரட்டையில் நன்கு கனிந்த வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டு, அதன்மேல் ஃபுரடான் என்னும் பூச்சிக்கொல்லியின் சில குருணைகளைத் தூவி, பந்தலில் ஆங்காங்கே கட்டித் தொங்கவிடுவார்கள். 2011-இல் மாநில அரசு சில கடும் நஞ்சுகளுக்குத் தடை விதித்தபோது ஃபுரடானும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அந்தத் தடை சரியானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. சிறு பிள்ளைகள் ஓடி விளையாடும் பந்தலடியில் அந்தச் சிரட்டைகள் தொங்கியதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம், சைக்கிளில் போய்வரும் தூரத்தில், அது கடையில் கிடைத்துக்கொண்டிருந்தது. தடையை மதித்தவருக்குக் காய் சொத்தையானது. மதிக்காதவருக்குச் சந்தையில் விலை கிடைத்தது. கியூலூர் என்னும் ஈ இழுக்கும் வாசனைப் பொருளைத் தடவிய இனக்கவர்ச்சிப் பொறிகள் மாற்றாக வந்தன. அவை நல்ல பொறிகளே. எனினும் அவை ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கின்றன. ஏற்கெனவே இணை சேர்ந்துவிட்ட பெண் ஈ பக்கத்துத் தோட்டத்திலிருந்து பறந்து வந்து முட்டையிடுவதை அவற்றால் தடுக்க முடிவதில்லை. ஒருவர் மட்டும் பொறி வைத்து, சுற்றியுள்ள பத்துப் பேர் வைக்காத ஊரில், பொறி நிறைய ஈயும் பெட்டி நிறையச் சொத்தைக் காயுமாக அவர் நிற்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

என் பெரியப்பாவுக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. அவருடைய தென்னைகளில் சிலவற்றைக் கள் இறக்குவதற்கு விட்டிருக்கிறார். கேரளத்தின் பல மாவட்டங்களுக்கும் கள் போவது எங்கள் சித்தூர்ப் பகுதியிலிருந்துதான். கள் இறக்குபவர் குடத்தைக் கழுவி அடிமண்டியைக் கொட்டும் இடம் பாகற்காய்ப் பந்தலின் மூலையை ஒட்டி இருந்தது. ஒரு நாள் காலை என்னை அங்கே உட்காரச் சொல்லி, "நுணுக்கு ஈக்கு நடுவுல பாரு, நம்ம பாவக்கா ஈயும் ஒண்ணு ரெண்டு உக்காந்திருக்குது" என்று காட்டினார். கள்ளின் மீது மொய்க்கும் சிவந்த கண் கொண்ட சிற்றீக்களுக்கு நடுவே, மஞ்சள் கோடு போட்ட பெரிய ஈக்கள் உண்மையாகவே இருந்தன. அவற்றில் சிலவற்றுக்குப் பின்முனை கூராக நீண்டிருந்தது, அதாவது அவை முட்டையிடும் பெண் ஈக்கள்.

அவர் யாரிடமும் கேட்காமல் ஏற்கெனவே ஒரு புட்டி செய்து வைத்திருந்தார். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியின் கழுத்துக்குக் கீழே, சூடு காட்டிய கம்பியால் பென்சில் நுழையும் அளவுக்கு மூன்று துளைகள். அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கள்ளின் அடிமண்டி. விழுந்த ஈ மீண்டும் எழாமல் இருக்க ஒரு சொட்டுச் சோப்புக் கரைசல். அதைப் பந்தலில் இலைக்கு அடியில், நிழலில் தொங்கவிட்டிருந்தார். "மேல வெய்யில்ல கட்டுனா சீக்கிரம் வறண்டு போகுது, ஈயும் நெழலுக்குத்தான் வருது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் அவர் எத்தனை நாள் எத்தனை இடத்தில் கட்டிப் பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

எங்கள் குழுக் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஓர் ஆராய்ச்சி மாணவி இதைக் கேட்டதும் குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். பெண் ஈக்கு முட்டை முதிர்வதற்குப் புரதம் வேண்டும் என்றும், கள்ளின் மண்டியைப் போல ஈஸ்ட் நிறைந்த பொருள்கள் அதை இழுக்கும் என்றும், வியட்நாம், மொரீசியஸ் போன்ற நாடுகளில் பீர் ஆலைகள் கழிவாகக் கொட்டும் ஈஸ்டிலிருந்தே பழ ஈக்கான புரத இரையைத் தயாரிக்கிறார்கள் என்றும் அவர் விளக்கினார். பெரியப்பா அதைக் கேட்டு மகிழ்ந்தார் என்று சொல்வது போதாது. தன் கண்ணால் கண்டதற்குக் கடல் கடந்த நாட்டில் ஒரு காரணம் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது என்பது அவருக்குப் பெரிய துணையாக இருந்தது. ஆராய்ச்சி நிலையங்கள் விவசாயிக்குத் தரக்கூடிய மிக மதிப்புள்ள உதவிகளில் இது ஒன்று என்று நான் கருதுகிறேன்: அவர் கண்டதன் காரணத்தை அவருக்குச் சொல்லுவது.

ஆனால் காரணம் சரியாக இருப்பதால் பொறி வேலை செய்கிறது என்று ஆகிவிடாது. ஆகவே அடுத்த பருவத்தில் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கலாம் என்று எண்ணி, உழவர் புத்தாக்கங்களுக்கு நிதி தருவதாக அறிவித்திருந்த ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினோம். படிவம் மலையாளத்தில் மட்டுமே இருந்தது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுடன் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளலாம் என்று கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. இருப்பினும் படிவங்கள் அந்த அளவுக்கு எங்களை நோக்கி வருவதில்லை. மொழியை எப்படியோ சமாளித்தோம். எங்களை நிறுத்தியது படிவத்தின் ஐந்தாவது கட்டம். 'எதிர்பார்க்கப்படும் விளைச்சல் உயர்வு, சதவீதத்தில்' என்று அதில் கேட்டிருந்தார்கள். தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் நிதி கேட்கிறோம் என்று எழுதினோம். விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று திரும்பி வந்தது. 'உங்கள் கேள்வி என்ன?' என்று கேட்க அந்தப் படிவத்தில் ஓரிடமும் இருக்கவில்லை.

இதை ஒரு தனி அலுவலகத்தின் குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. விவசாயிகளின் வயலில் நடப்பவற்றை நம் நாட்டில் நெடுங்காலமாகச் 'செயல்விளக்கத் திடல்' என்ற சொல்லால்தான் குறித்து வருகிறோம். 1974-இல் புதுச்சேரியில் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தொடங்கப்பட்ட காலம் முதல், ஆராய்ச்சி நிலையத்தின் வேலியைத் தாண்டிப் பயிரைக் கொண்டுவந்து விவசாயியின் கண்முன் வளர்த்துக் காட்டியதால் கிடைத்த நன்மை பெரிது. நானும் அத்தகைய திடல்களில் கற்றவன்தான். ஆயினும் செயல்விளக்கம் என்பது விடை தெரிந்த பிறகு செய்வது. விடை ஏற்கெனவே இருப்பதால் அங்கே தோல்விக்கு இடமில்லை. தோல்வி வந்தால் அது விவசாயி சரியாகச் செய்யாததால் வந்ததென்று அறிக்கையில் எழுதிவிடலாம். விவசாயி தானே எழுப்பிய கேள்விக்கு இந்த ஏற்பாடு போதாது. அதற்கு, இல்லை என்ற விடை வந்தாலும் பணம் கொடுத்தவர் முகம் சுளிக்காத ஓர் ஏற்பாடு வேண்டும்.

நிதி கிடைக்காததால் குழுவின் சந்தாப் பணத்திலிருந்தே சோதனையை நடத்துவது என்று முடிவு செய்தோம். முதலில் நாங்கள் போட்ட திட்டம் எளியது. பெரியப்பாவின் பந்தலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் புட்டிகள் கட்டி, மறுபாதியைச் சும்மா விடுவது. ஆராய்ச்சி மாணவி அதை மறுத்தார். ஈக்குப் பந்தலின் எல்லை தெரியாது, புட்டியின் வாசனை மறுபாதியில் உள்ள ஈயையும் இழுத்துக்கொள்ளும், அதனால் இரண்டு பாதியிலும் சேதம் ஒன்றுபோல் குறையலாம் அல்லது ஒன்றுபோல் கூடலாம், நமக்கு ஒன்றும் விளங்காது என்றார். ஒப்பிடும் பந்தல்கள் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். தள்ளி இருந்தால் மண்ணும் நீரும் வேறுபடும். அந்த வேறுபாட்டைச் சமாளிக்க ஒன்றுக்கு மூன்று இணையாக வைக்க வேண்டும். நடவு நாள் நெருங்கியிருக்க வேண்டும், விதை ஒன்றாக இருக்க வேண்டும். எங்களில் யாருக்கும் தோன்றாதவை இவை. விவசாயிக்கு ஒப்பிடத் தெரியாது என்று நான் சொல்லவில்லை; ஆனால் நாங்கள் இந்த ஆண்டைப் போன ஆண்டோடு ஒப்பிட்டே பழகியவர்கள், ஒரே பருவத்தில் இரண்டு நிலங்களை ஒப்பிடும் வசதி எங்களுக்கு வாய்த்ததில்லை. கூட்டுப் பணியில் ஆய்வாளரின் பங்கு எது என்று யாரேனும் என்னைக் கேட்டால், அன்று மாலை தரையில் சுள்ளியால் அவர் வரைந்து காட்டிய அந்தப் படத்தைத்தான் சொல்வேன்.

ஆறு பந்தல்கள் தேவைப்பட்டன. புட்டி கட்டுவதற்கு மூன்று பேர் உடனே முன்வந்தார்கள். சும்மா விடுவதற்கு யாரும் வரவில்லை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. புட்டி கட்டுபவருக்கு ஒரு நம்பிக்கையாவது இருக்கிறது. ஒப்பிடுவதற்காகச் சும்மா விடும் பந்தலில் புட்டியும் இல்லை, மருந்தும் இல்லை. உரமும் நீரும் கூலியும் மட்டும் எல்லோரையும் போலவே ஆகும், காயில் பாதி ஈக்குப் போகும் என்று தெரிந்தே அதைச் செய்ய வேண்டும். கூட்டம் அப்படியே கலைந்துவிடும் என்று தோன்றிய நேரத்தில், நாற்பது சென்ட் நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்யும் அக்கா ஒருவர் பேசினார். "எல்லாரும் பொறி வெச்சா எது நல்லதுன்னு எப்படித் தெரியும் மாமா? எம்பட பந்தல்ல பத்து சென்ட் சும்மா இருக்கட்டும்" என்றார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் மிகக் குறைந்த நிலம் அவருடையதுதான், அதுவும் சொந்த நிலம் அல்ல. அவர் சொன்ன பிறகு சொந்த நிலக்காரர் இருவர் வெட்கப்பட்டுக்கொண்டு முன்வந்தார்கள்.

காலை ஆறரை மணிக்கு எண்ணுவது என்று வைத்துக்கொண்டோம். புட்டியைக் கழற்றி, டீத்தூள் வடிகட்டியில் ஊற்றி, வடிந்ததை வெள்ளைத் தட்டில் பரப்பி, துடைப்பக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பிரிப்போம். சிற்றீக்கள் மிளகாய் விதை போல ஒட்டிக்கொண்டு கிடக்கும். அவற்றை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, கோடு போட்ட ஈக்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கூரான பின்முனையைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். முதல் வாரம் ஆண் பெண் பிரிப்பதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. மூன்றாம் வாரத்தில் அக்காவின் பள்ளி செல்லும் மகள் எங்கள் எல்லோரையும் விட வேகமாகப் பிரிக்கப் பழகிவிட்டாள். 1989-இல் இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளுக்காகத் தொடங்கிய வயல்வெளிப் பள்ளிகளில், வாரந்தோறும் பயிரையும் பூச்சிகளையும் விவசாயிகளே தாளில் வரைந்து, அந்தப் படத்தை வைத்துக்கொண்டே மருந்து தேவையா இல்லையா என்று தமக்குள் விவாதித்து முடிவெடுத்தார்கள் என்று படித்திருக்கிறேன். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அந்த நாடு நெல்லுக்கான 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்திருந்தது. தடைக்குப் பின்னால் இப்படி ஒரு கற்றலும் வந்ததனால்தான் அது நிலைத்தது என்பது என் எண்ணம். எங்கள் ஊரில் தடை வந்தது; தட்டும் துடைப்பக் குச்சியும் வெகுநாள் கழித்து எங்கள் செலவிலேயே வந்தன.

விளைவைச் சொல்ல வேண்டும். புட்டிகளில் விழுந்த கோடு போட்ட ஈக்களில் பெண் ஈக்கள் கணிசமாக இருந்தன. அந்த வகையில் பெரியப்பாவின் கண் பொய்யாகவில்லை. மூன்று இணைகளில் இரண்டில், புட்டி கட்டிய பந்தலில் சொத்தைக் காய் குறைவாக இருந்தது. மூன்றாவது இணையில் வேறுபாடே இல்லை. அந்தப் புட்டிப் பந்தலுக்கு மேற்கே, அறுவடை முடிந்து கைவிடப்பட்ட ஒரு பீர்க்கம் பந்தலில் பழுத்து விழுந்த காய்கள் அப்படியே கிடந்ததை நாங்கள் காலம் கடந்துதான் கவனித்தோம். நடுவில் பெய்த மழையில் துளைகள் வழியே நீர் இறங்கி மண்டி நீர்த்துப்போய், ஒரு வாரக் கணக்கு வீணானது. மண்டியை நான்கைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் ஈ வருவதே நின்றுவிடுகிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, புட்டி பயன்படக்கூடும், இன்னும் ஒரு பருவமாவது பார்க்க வேண்டும் என்பதற்கு மேல் எதுவும் எழுத எனக்கு மனம் வரவில்லை. குறிப்பேட்டிலும் அப்படியே எழுதினேன்.

அக்காவின் பத்து சென்ட்டில் காய் பெருமளவு போய்விட்டது. பறிப்பு நாட்களில் அவர் சொத்தைக் காய்களைத் தனிக் கூடையில் போட்டு எடைபோட்டுக் காட்டுவார். அன்றைய வேலந்தாவளம் சந்தை விலைக்கு அதன் மதிப்பைக் குழுப் பணத்திலிருந்து தருவதாக முன்பே பேசியிருந்தோம். பருவத்தின் பாதியில் குழுவுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மருந்தடித்திருந்தாலும் அவருக்குக் கொஞ்சம் சேதம் ஆகியிருக்கும்தானே, முழு விலையையும் எதற்குத் தர வேண்டும் என்று ஒருவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றியதால், பாதி விலை தருவது என்று தீர்மானித்தோம். அக்கா மறுப்புச் சொல்லவில்லை. அந்தத் தீர்மானத்தை என் கையால்தான் எழுதினேன். அது தவறு என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். பேசிய சொல்லைப் பாதிப் பருவத்தில் மாற்றினோம் என்பது ஒருபுறம் இருக்க, புட்டி பயன்படக்கூடும் என்று நாங்கள் இன்று சொல்வதற்கு ஆதாரமே அந்தப் பந்தலில் அழுகிய காய்கள்தாம். அவை இல்லாவிட்டால் எங்கள் கையில் இருப்பது பெரியப்பாவின் நம்பிக்கை மட்டுமே.

ஊர்க் குழுவின் சந்தாவுக்கு இது தாங்காத சுமை; இந்த இடத்தில்தான் வெளி நிதி வந்து நிற்க வேண்டும். இது புதிய யோசனையும் அன்று. கொலம்பியாவில் 1990 முதல், அங்குள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையத்தின் துணையோடு, கிராமத்தார் தாமே தேர்ந்தெடுத்த விவசாயிகளைக் கொண்ட உள்ளூர் ஆய்வுக் குழுக்கள் ஏற்பட்டன. ஊர் கூடிக் கேள்வியை முடிவு செய்யும். குழு முதலில் மிகச் சிறிய பாத்தியில் சோதிக்கும். தேறியதை மட்டும் அடுத்த பருவத்தில் பெரிய பாத்திக்குக் கொண்டுபோகும். முடிவை ஊருக்குத் திரும்பச் சொல்லும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சிறு நிதி இருந்தது. சோதனைச் செலவையும் அதில் வரும் இழப்பையும் ஏற்பதற்கென்றே அந்த நிதி வைக்கப்பட்டது. புரோலின்னோவா என்னும் பன்னாட்டு வலையமைப்பு எத்தியோப்பியா, கானா, கென்யா, நேபாளம், கம்போடியா முதலிய நாடுகளில் இதே போக்கில், எந்தச் சோதனைக்குப் பணம் தருவது என்பதை விவசாயிகளே பெரும்பாலும் முடிவு செய்யும் சிறு நிதிகளை நடத்திப் பார்த்திருக்கிறது. தொகைகள் சிறியவை. சிறியவையாக இருப்பதே அவற்றின் நலம் என்பேன்; பத்து சென்ட் பந்தலின் இழப்பை ஈடு செய்யப் பெருந்திட்டம் எதுவும் தேவையில்லை.

வெற்றி பெற்ற உழவர்களைக் கொண்டாடுவதில் நாம் குறை வைப்பதில்லை. இடுக்கி மாவட்டத்துக் கட்டப்பனையில் செபாஸ்டியன் ஜோசப் என்னும் விவசாயி, 1980-களில் தம் ஏலத் தோட்டத்தில் தேனீக்களின் மகரந்தச் சேர்க்கையைப் பயன்படுத்திக் கிடைத்த விதைகளிலிருந்து செடிகளை வளர்த்து, ஆண்டுக்கணக்கில் தேர்ந்து தேர்ந்து, 'ஞள்ளானி' என்ற உயர்விளைச்சல் ஏல வகையை உருவாக்கினார். கம்பம், போடிப் பக்கத்திலிருந்து மலையேறி ஏலத் தோட்டங்களுக்குப் போகும் தமிழர்களுக்கு அந்தப் பெயர் நன்கு பழக்கம். தேசியப் புத்தாக்க நிறுவனமும் அவரைப் பாராட்டியது. உழவர் உருவாக்கிய பயிர் வகையை அவர் பெயரிலேயே பதிவு செய்ய 2001-ஆம் ஆண்டுப் பயிர் வகைப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் வழி செய்திருக்கிறது. இவையெல்லாம் வேண்டியவைதாம். ஆனால் ஏலச் செடி நட்டுக் காய்ப்புக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதை நினைத்தால், தேறாத செடிகளுக்காக அந்தக் குடும்பம் எத்தனை ஆண்டு விளைச்சலை விட்டுக்கொடுத்திருக்கும் என்ற எண்ணம் வருகிறது. விருது வழங்கும் மேடையில் அந்தக் கணக்கு வாசிக்கப்படுவதில்லை. அதைத் தாங்க முடியாமல் பாதியில் விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர் என்பதும் நமக்குத் தெரிவதில்லை.

எங்கள் சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்த ஓர் அதிகாரி, அன்போடும் ஆர்வத்தோடும்தான், இதை எத்தனை ஹெக்டேருக்கு விரிவுபடுத்தலாம் என்று கேட்டார். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. வேலந்தாவளத்தில் சோதனைச் சாவடியைத் தாண்டினால் பெரியப்பாவின் புட்டிக்கு ஊற்றுவதற்குப் பொருளே கிடையாது. இந்தப் பக்கத்திலும் கள் இறக்குபவருக்கு எக்சைஸ் துறையின் கணக்கு உண்டு; அடிமண்டியை எடுத்துக் கொடுக்கவே அவர் முதலில் தயங்கினார். எல்லைக்கு அப்பால், கோவை மாவட்டத்தில், எங்கள் உறவினர்களே பந்தல் போட்டிருக்கிறார்கள். அவர்கள் ரொட்டிக்குப் போடும் ஈஸ்டையோ, புளித்த மாவையோ, வேறு எதையோ வைத்துத் தங்கள் பந்தலில் முதலிலிருந்து எண்ணித்தான் ஆக வேண்டும். புட்டியை விரிவுபடுத்துவதற்குப் பதிலாக, அப்படி எண்ணிப் பார்க்க விரும்பும் குழுக்களின் எண்ணிக்கையை விரிவுபடுத்தலாமே என்று அவரிடம் கேட்டேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

கேரளத்தில் இதைச் செய்வதற்கான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் என்னை இவ்வளவு எழுதத் தூண்டுகிறது. 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். எதற்குச் செலவழிப்பது என்று கிராம சபையில் எங்கள் பெற்றோர் கைதூக்கிச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். காய்கறி விவசாயிகளைச் சுய உதவிக் குழுக்களாகச் சேர்த்து, பாட்ட நிலத்தில் பயிர் செய்பவருக்கும் வங்கிக் கடன் கிடைக்கச் செய்த திட்டங்களும் இந்த மாநிலத்தில்தான் நடந்தன. விதைக்கும் உரத்துக்கும் பந்தல் கம்பிக்கும் பஞ்சாயத்து வழியாக மானியம் வருகிறது. அதே வரிசையில், வார்டுக்கு ஒரு சிறு தொகை, விவசாயிகளின் கேள்விகளுக்கென்று, இழப்பீட்டையும் சேர்த்து, தமிழிலும் எழுதித் தரக்கூடிய ஒரு பக்கப் படிவத்தோடு வைக்க முடியும். சென்ற கிராம சபையில் இதை எழுதிக் கொடுத்தோம். அடுத்த கூட்டத்திலும் கொடுப்போம்.

தை மாதம் இரண்டாம் சுற்றுக்காகக் குழு கூடியது. இழப்புக்கு முழுச் சந்தை விலை, நடுவில் மாற்றக்கூடாது என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டு, யார் யார் பந்தல் என்று கேட்டேன். அக்காதான் முதலில் பேசினார். "இந்தத் தடவை புட்டி எனக்கு. மாமாவோட பந்தல் சும்மா இருக்கட்டும்" என்றார். பெரியப்பா சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. குறிப்பேட்டை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிப்பவர் போல, சென்ற பருவத்தில் அக்காவின் கூடையில் விழுந்த எடைகளை ஒவ்வொரு பறிப்பாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு "சரி, எழுதிக்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய், சாளையிலிருந்து ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தார். அதில் எட்டுப் புட்டிகள் இருந்தன. மழை இறங்காமல் இருக்க, ஒவ்வொரு துளைக்கும் மேலே புட்டியைச் சிறிது வெட்டி, கூரை போல வெளியே மடித்துவிட்டிருந்தார்.